கோபியிலிருந்து எட்மன்டனுக்கு: மைனஸ் 30-ஐ உடம்பு தாங்குமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம், 22 வயது, கனடாவில் எட்மன்டனில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரியில் வகுப்பு தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "ஊட்டிக்குப் போனாலே எனக்குப் பல்லு கிட்டிப்போகும், அங்கே மைனஸ் 30 என்கிறார்கள், என் உடம்பு தாங்குமா? கோவையில் நல்ல ஜாக்கெட்டாக வாங்க அப்பா இருபத்தைந்தாயிரம் எடுத்து வைத்திருக்கிறார், எதை வாங்கலாம்?" என்பது கேள்வி. அப்பத்தா போகவே வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறார் என்றும் ஒரு வரி இருந்தது. ஜாக்கெட்டுக்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, வெயிலிலேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு இந்தக் குளிரைச் சமாளிக்கும் சக்தி இருக்கிறதா, இல்லை தெரியாமல் தலையைக் கொடுக்கிறோமா என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பெருந்துறைக்காரி. கோவையில் டெக்ஸ்டைல் படித்து, திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் துணிச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, எட்மன்டனுக்கு மேல்படிப்புக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். குளிர்காலத் துணிகள்தான் இப்போது என் தொழில். அதனால் துணி, ஈரம், காற்று இந்த மூன்றைப் பற்றியும் நான் சொல்வதை நம்பி நீங்கள் காசு செலவழிக்கலாம். உடம்பு, மனசு பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததும், வருடக்கணக்கில் புதிதாக வருகிற பிள்ளைகளைக் கூடவே இருந்து பார்த்ததும். நான் மருத்துவர் இல்லை. வீசிங், தைராய்டு, ரத்த சோகை மாதிரி ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊட்டியை ஓரமாக வைத்துவிடலாம். ஊட்டியில் ஜனவரி விடியலில் 5, 6 டிகிரி இருக்கும், தலைக்குந்தா பக்கம் புல் மேல் உறைபனி படியும். அது பெரிய குளிர் இல்லை. ஆனாலும் அங்கே நீங்கள் நடுங்கியதற்குக் காரணம், அந்தக் குளிரிலிருந்து தப்பிக்க இடமே இல்லாததுதான். லாட்ஜ் அறைக்குள்ளும் பத்து, பன்னிரண்டு டிகிரிதான். தரை ஜில்லென்று இருக்கும், ரஜாய் ஈரம் கோத்திருக்கும், போட்டிருப்பது பருத்திச் சுடிதாரும் மேலே ஒரு ஸ்வெட்டரும், காலில் செருப்பு. ராத்திரி முழுக்க உடம்பு சூட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது, திரும்பப் பிடிக்க வழியில்லை. எட்மன்டனில் வீடு, வகுப்பறை, நூலகம், பஸ், கடை எல்லாமே 20, 21 டிகிரியில் இருக்கும். நம்ம ஊர் மார்கழி விடியலை விட அது கொஞ்சம் வெதுவெதுப்பு. வெளியே மைனஸ் 30 இருக்கும் நாளிலும் நான் வீட்டுக்குள் அரைக்கை பனியனோடுதான் இருக்கிறேன். ஆல்பர்டா பல்கலைக்கழகத்தில் பல கட்டடங்களுக்கு இடையே மூடிய நடைபாலங்கள் உண்டு. ரயில் நிலையத்தில் இறங்கி, ஹப் மால் என்ற நீளமான மூடிய கட்டடம் வழியாகவே ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய்விடலாம். ஆக, ஒரு சாதாரண நாளில் நீங்கள் வெளிக்குளிரில் இருக்கப்போவது பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும் நேரமும் அங்கே நிற்கும் நேரமும்தான். உங்கள் உடம்பு மைனஸ் 30-ஐ நாள் முழுக்கத் தாங்கத் தேவையில்லை. பத்து, இருபது நிமிடம் துணி தாங்கினால் போதும்.

அந்த மைனஸ் 30 கூட தினமும் வருவதில்லை. எட்மன்டன் ஜனவரியின் சராசரி மைனஸ் 10-ஐ ஒட்டித்தான். நடுவில் அலை மாதிரி கடுங்குளிர் வந்து சில நாள் உட்கார்ந்துவிட்டுப் போகும். 2024 ஜனவரி நடுவில் வந்தது அப்படியொரு அலை. மைனஸ் 40-ஐத் தாண்டியது, மின்சாரத் தேவை எகிறி, விளக்கையும் அடுப்பையும் குறையுங்கள் என்று எட்மன்டன் இருக்கும் ஆல்பர்டா மாகாணம் முழுக்கச் செல்போன்களுக்கு அவசரச் செய்தி வந்தது. அப்படி நடக்கும், மறைக்கவில்லை. அந்த மாதிரி நாட்களில் இந்த ஊர்க்காரர்களும் அவசியம் இல்லாமல் வெளியே போவதில்லை.

உடம்பு பழகுமா என்பதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எங்கே பிறந்தவர்களாக இருந்தாலும் உடம்பின் உட்சூடு 37 டிகிரிதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விடும், வேகமாக நடந்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். இதில் கோபிக்கும் கனடாவுக்கும் வித்தியாசம் இல்லை. திரும்பத் திரும்பக் குளிரில் போய் வந்தால் சில வாரங்களில் நடுக்கமும் "ஐயோ குளுருது" என்ற அந்தப் பதற்றமும் குறையும், இதுவும் உறுதி. அக்டோபரில் 5 டிகிரிக்கு ஜாக்கெட் போடும் இதே ஊர்க்காரர்கள் மார்ச்சில் 5 டிகிரி வந்தால் டீ-ஷர்ட்டில் நடப்பார்கள், ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். சந்தேகமானது, இந்தப் பழக்கத்தால் உடம்பு உள்ளுக்குள் அதிகச் சூட்டை உண்டாக்கக் கற்றுக்கொள்கிறதா என்பது. பழுப்புக் கொழுப்பு, அதாவது எரிந்து சூட்டை உண்டாக்கும் ஒரு வகைக் கொழுப்பு, பற்றி நிறைய எழுதுகிறார்கள். ஆனால் மூடிய பஸ்ஸிலும் சூடான வகுப்பிலும் நாளைக் கழிக்கும் ஒருவருக்கு அதனால் நடைமுறையில் பெரிய பலன் உண்டு என்று யாரும் காட்டவில்லை. அதனால் பழகிவிடும் என்று நம்பித் தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள். மனசு பழகும். காது மடலும் விரல் நுனியும் முதல் வருடம் எப்படி உறையுமோ அப்படியேதான் பத்தாவது வருடமும் உறையும்.

இப்போது துணிக்கு வருகிறேன். என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்தத் துணியும் சூட்டைத் தருவதில்லை. உங்கள் உடம்பு விடும் சூட்டை, துணிக்குள் அசையாமல் மாட்டிக்கொண்டிருக்கும் காற்று வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. அந்தக் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்தால் சூடு ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெளியேறும். குளிரில் ஒரு துணியைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எவ்வளவு தடிமன் என்பது இல்லை, ஈரமானால் என்ன ஆகும் என்பது. நம்ம பருத்தி இங்கேதான் தோற்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள், முதுகில் லேசாக வியர்க்கிறது. பருத்திப் பனியன் அந்த ஈரத்தை ஆசையாகக் குடித்துக்கொள்ளும், குடித்ததும் இழை தொய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருந்த காற்று போய்விடும். அப்புறம் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நிற்கும்போது முதுகுத்தண்டில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். ஈரோட்டு மே மாத வெயிலில் நம்மைக் காப்பாற்றுவதும் இதே குணம்தான், ஈரத்தைக் குடித்து மெல்ல ஆவியாக்கிக் குளிர்ச்சி தருகிறது. அதே வேலையை அது இங்கேயும் செய்கிறது.

கம்பளி இதை வேறு விதமாகச் செய்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தோலில் ஈரமாகத் தெரியாது. இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் முழுதாகப் படிந்துவிடாது. பாலியஸ்டர் ஈரத்தைக் குடிப்பதே இல்லை, சாதாரண நிலையில் அதன் எடையில் 0.4 விழுக்காடுதான் ஈரம், பருத்தியில் 8 விழுக்காட்டை ஒட்டி. அதனால் வியர்வையை வெளிப்பக்கம் கடத்திவிட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும். கம்பளி குத்துமே என்று யோசிப்பீர்கள். நம்ம பக்கத்துச் செம்மறியாட்டுக் கம்பளி குத்துவது உண்மை, இழை தடிமனாக இருப்பதால் வளையாமல் தோலின் நரம்பு முனையை அழுத்துகிறது. இழையின் தடிமன் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலே போனால் அந்தக் குத்தல் வந்துவிடும். மெரினோ (மெல்லிய இழை தரும் செம்மறியாட்டு வகை) என்று விற்பது பெரும்பாலும் 17 முதல் 19 மைக்ரான், அது குத்தாது. ஆனால் விலை அதிகம். மாணவியாக இருக்கும்போது தோலை ஒட்டிப் போடும் உள்ளாடைக்குப் பாலியஸ்டரே போதும் என்பது என் கருத்து. நாலு நாள் போட்டால் வாடை வரும், துவைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்க் கடைகளில் 'தெர்மல்' என்று விற்பதில் பாதிக்கு மேல் பருத்தி கலந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு மேலே பனிமலைப் படம் இருக்கும். படத்தைப் பார்க்காமல், பின்கழுத்திலோ பக்கத் தையலிலோ இருக்கும் லேபிளைப் புரட்டி, என்ன இழை எத்தனை விழுக்காடு என்று படியுங்கள். பருத்தி என்று எந்த எண் இருந்தாலும் வெளியே போடுவதற்கு வேண்டாம். அதே சமயம் திருப்பூர்ப் பனியன்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், வீட்டுக்குள் போட அவைதான் சுகம். இங்கே கடையில் வாங்கப் போனால் திருப்பூரில் தைத்ததையே டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

வெளியே போகும்போது மூன்று அடுக்கு. தோலோடு ஒட்டி மெல்லிய பாலியஸ்டரோ மெரினோவோ, அதன் மேல் ஃபிளீஸோ (புசுபுசுவென்ற பாலியஸ்டர் துணி) கம்பளி ஸ்வெட்டரோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றை உள்ளே விடாத, இடுப்புக்குக் கீழே தொடை வரை வரும் ஜாக்கெட். ஒரே தடிமனான துணியை விட மூன்று மெல்லிய துணி மேல். இடையிடையே காற்று நிற்கும், வியர்க்கும்போது ஒன்றைக் கழற்றிவிடலாம். பஸ்ஸுக்குள் ஏறியதும் ஜிப்பை இறக்குங்கள். புதிதாக வருபவர்கள் குளிருக்குப் பயந்து முழுக்க மூடியபடியே சூடான பஸ்ஸில் உட்கார்ந்து வியர்த்து, அந்த ஈரத்தோடு இறங்குவார்கள். அங்கேதான் நடுக்கம் ஆரம்பிக்கும். இறகு அடைத்த ஜாக்கெட்டா, செயற்கைப் பஞ்சா என்று கேட்டால், எட்மன்டன் குளிர் வறண்ட குளிர், அதனால் இறகு நன்றாகவே வேலை செய்யும். வாத்து இறகு வேண்டாம் என்று வீட்டில் நினைத்தால் செயற்கைப் பஞ்சிலும் நல்லது கிடைக்கிறது, எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இதே கேள்வியை வான்கூவர் போகிறவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன், அங்கே மழைக் குளிர்.

ஜாக்கெட்டை விட நான் கவலைப்படுவது கால், கை, காதுக்கு. உடம்பு குளிர்ந்ததும் முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும், உள்ளே இருக்கும் இதயமும் ஈரலும் அதற்கு முக்கியம். பூட்ஸ் வாங்கும்போது எல்லோரும் இரண்டு மூன்று சாக்ஸ் போட்டு இறுக்கி நுழைக்கப் பார்ப்பார்கள். இறுக்கினால் உள்ளே காற்றும் இருக்காது, ரத்த ஓட்டமும் குறையும், ஒரு சாக்ஸோடு இருப்பதை விடச் சீக்கிரம் கால் மரத்துவிடும். ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரல்களை அசைக்க முடிகிற அளவு பார்த்து வாங்குங்கள். உள்ளுறை கழற்றக்கூடியதாக இருந்தால் ராத்திரி வெளியே எடுத்துக் காயவைக்கலாம். பகலில் கால் வியர்த்த ஈரம் அதில்தான் இருக்கும். பூட்ஸ் பெட்டியில் "மைனஸ் 40 வரை" என்று போட்டிருப்பது அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் எண், அதை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க முடியாது. கைக்கு விரல் விரலாகப் பிரிந்த கிளவுஸ் வேண்டாம். நாலு விரலும் ஒரே பைக்குள் சேர்ந்திருக்கும் மிட்டன்ஸ் வாங்குங்கள், விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும்.

குளிரை அளப்பதற்கும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மார்கழியில் விடிகாலை கோபியிலிருந்து சத்திக்கு ஸ்கூட்டியில் போயிருப்பீர்கள். நின்றால் 20 டிகிரிதான், ஓட்டும்போது விரலெல்லாம் விறைக்கும். காற்று தோலை ஒட்டியிருக்கும் சூடான படலத்தை வாரிக்கொண்டு போவதுதான் காரணம். இங்கே வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு விண்ட் சில் என்று இரண்டாவது எண் ஒன்று வரும். கனடாவும் அமெரிக்காவும் 2001-இலிருந்து ஒரே வாய்பாட்டால் அதைக் கணக்கிடுகின்றன. மைனஸ் 20-இல் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்த எண் மைனஸ் 28-இலிருந்து 39 வரை இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். 40-இலிருந்து 47 வரை என்றால் 5 முதல் 10 நிமிடம். அதற்கும் கீழே, 48-இலிருந்து 54 வரை போனால் இரண்டே நிமிடத்தில் தொடங்கிவிடும். காலையில் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

உறைவது வலிக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் சுருக்கென்று குத்தும், அப்புறம் வலி நின்றுவிடும். வலி நிற்பதுதான் அபாயம். மூக்கு நுனியோ கன்னமோ காது மடலோ நிறம் வெளுத்து மெழுகு மாதிரி ஆகித் தொட்டால் உணர்வு இல்லை என்றால் உடனே உள்ளே போய்விடுங்கள். நம்ம நிறத்தில் அந்த வெளுப்பு கண்ணாடியில் சட்டென்று தெரியாது, கூட வரும் ஆளிடம் பார்க்கச் சொல்லுங்கள், தொட்டுப் பாருங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது, ஹீட்டருக்கு நேராகக் காட்டவும் கூடாது, உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. விரல் என்றால் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுங்கள், கொப்புளம் வந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஜிமிக்கி, தொங்கட்டான் மாதிரி வெளியே தெரியும் உலோகத்தைக் கடுங்குளிர் நாட்களில் கழற்றிவிடுங்கள், உலோகம் தோலின் சூட்டை வேகமாக இழுக்கும். மூக்குத்தியைக் கழற்ற வேண்டியதில்லை, மூக்கின் மேல் மஃப்ளர் இருந்தால் போதும்.

குளிரை விட அதிகம் பேரை மருத்துவமனைக்கு அனுப்புவதாக நான் பார்ப்பது வழுக்கல். நடைபாதையில் பனி மிதிபட்டு இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். விசித்திரம் என்னவென்றால் மைனஸ் 30-இல் அது அவ்வளவாக வழுக்காது. பூஜ்யத்தை ஒட்டி, பகலில் உருகி ராத்திரி உறையும் மார்ச் மாதத்தில்தான் மேலே மெல்லிய தண்ணீர்ப் படலத்தோடு ஆளைச் சாய்க்கும். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதியும்படி நடங்கள். டொராண்டோவில் கைட் என்ற ஆய்வகம் பூட்ஸ்களை உண்மையான பனிக்கட்டிச் சரிவில் நடக்க வைத்துச் சோதித்து, ஸ்னோஃப்ளேக் எனும் பனிப்பூச் சின்னத்தில் மதிப்பெண் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. பூட்ஸ் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

வறட்சியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மைனஸ் 20 காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் நீராவி நிற்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சமையலும் குளியலும் அதைக் கொஞ்சம் ஏற்றும், ஆனாலும் பாலைவனக் காற்றுதான். முதல் மாதம் உதடு வெடிக்கும், விரல் கணுக்கள் வெடிக்கும், காலையில் மூக்கைச் சிந்தினால் லேசாக ரத்தம் வரும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். இதில் எதுவும் வியாதி இல்லை. குளித்து ஈரத்தைத் துடைத்த கையோடு எண்ணெயோ தடித்த க்ரீமோ பூசிக்கொள்ளுங்கள், மூக்கின் உட்பக்கம் துளி வாசலின், அறையில் காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஒரு ஹியுமிடிஃபயர். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தால் அகல வாய் டப்பாவில் கொண்டுவாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது கட்டிதான், இங்கே வருடத்தில் பெரும்பாலும் கட்டியாகவே இருக்கும், குறுகிய வாய் பாட்டிலில் இருந்தால் எடுக்கவே முடியாது.

நீளமான முடி இருந்தால் இன்னொன்று. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு துண்டைக் கட்டிக் கிளம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளியே போன இரண்டாவது நிமிடம் முடி குச்சி மாதிரி விறைத்துவிடும், வளைத்தால் ஒடியவும் ஒடியும். தலைக்கு ராத்திரி ஊற்றிக்கொள்ளுங்கள், இந்த வறட்சியில் விடிவதற்குள் காய்ந்துவிடும். ஈரத்தலையால் சளி பிடிக்கும் என்று அப்பத்தா சொன்னால், சளி வைரஸால் வருகிறது. குளிர்காலத்தில் எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டு நெருக்கமாக இருப்பதால் அதிகம் பரவுகிறது. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டால் அப்பத்தாவின் பயத்தில் பாதிக்கு அது பதில்.

இதுவரை சொன்னதெல்லாம் காசும் கவனமும் இருந்தால் சமாளிக்கக் கூடியவை. நான் உண்மையில் உங்களை எச்சரிக்க நினைப்பது இருட்டைப் பற்றி. கோவைப் பக்கம் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம் இருக்கும். எட்மன்டனில் டிசம்பர் கடைசியில் ஏழரை மணி நேரம்தான். நீங்கள் வந்திறங்கும் ஜனவரி முதல் வாரத்தில் ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் எழும், நாலரைக்குள் விழுந்துவிடும். முதல் வகுப்புக்கு இருட்டில் போய், கடைசி வகுப்பு முடிந்து இருட்டில் வருவீர்கள். தூக்கம் கூடும், இனிப்பும் சோறும் அதிகம் கேட்கும், எதிலும் ஆர்வம் இல்லாமல் அறைக்குள்ளேயே கிடக்கத் தோன்றும். வீட்டு ஏக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதுவும் சேர்ந்திருக்கும். ஆனால் வெளிச்சக் குறைவால் வரும் மனச்சோர்வு தனியாகவே ஒன்று உண்டு. 1984-இல் நார்மன் ரோசந்தால் குழுவினர் அதை விவரித்து எழுதினார்கள், அதற்கு வைத்தியமும் உண்டு. 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காருவது பலருக்குக் கேட்கிறது. எல்லோருக்கும் கேட்காது. கண் நோயோ, மனநிலை தாறுமாறாக ஏறி இறங்கும் பிரச்சினையோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. விளக்கு இல்லாவிட்டாலும் மதியம் வெயில் இருக்கும்போது இருபது நிமிடம் வெளியே நடங்கள். பனி மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண் கூசும் அளவுக்கு இருக்கும். ஆசைக்கு அறையில் அடைந்து கிடப்பதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எழவே முடியவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் பிரிவுக்குப் போங்கள். அங்கே போவது படிப்புப் பதிவில் எங்கும் வராது.

இதே வெயிலோடு சேர்ந்தது வைட்டமின் டி. 1988-இல் பாஸ்டனிலும் எட்மன்டனிலும் வைத்தே ஒரு ஆய்வு செய்தார்கள். எட்மன்டனில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயிலில் நின்றாலும் தோலில் வைட்டமின் டி உருவாகாது என்று அதில் தெரிந்தது. சூரியன் அவ்வளவு சாய்ந்திருக்கும். கருத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். கனடா அரசு உங்கள் வயதினருக்குப் பரிந்துரைக்கும் அளவு நாளுக்கு 600 ஐ.யூ. (மாத்திரை டப்பாவில் போட்டிருக்கும் வைட்டமின் அளவு), 4,000-ஐத் தாண்டக் கூடாது. கிளம்பும் முன் கோபியிலேயே டி, பி12, இரும்புச் சத்து மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், சைவம் என்றால் கட்டாயம். அதில் குறைவு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவிலேயே மாத்திரையைத் தொடங்கிவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. மில்வுட்ஸ் பகுதியில் இந்தியக் கடைகள் நிறைய, அரிசியும் பருப்பும் கொள்ளும் கிடைக்கும். அரிசிம்பருப்பு சோற்றுக்கு நெய் மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். தோசை மாவு அறைச் சூட்டில் இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, ஓவனைச் சூடாக்காமல், ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் பாத்திரம் வழியும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அப்பாவின் இருபத்தைந்தாயிரம். அதைக் கோவையில் ஜாக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மலையேற்றத்துக்கான ஜாக்கெட், மைனஸ் 5, 10 வரைக்கும் சரி, அதற்குக் கீழே போதாது. பெட்டியின் 23 கிலோவையும் அது தின்னும். இங்கே நல்ல குளிர்கால ஜாக்கெட் 150 டாலரிலிருந்தே கிடைக்கும். ஆல்பர்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 விழுக்காடு மட்டும். வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய பொருள் கடைகளில் இந்த ஊர்க்காரர்கள் இரண்டு வருடம் போட்ட ஜாக்கெட் அதில் பாதிக்கும் கீழே வரும். பழைய துணி என்று அம்மா முகம் சுளிப்பார், இங்கே யாருக்கும் அது கௌரவக் குறைச்சல் இல்லை. பழையதாக வாங்கக் கூடாதது பூட்ஸ் ஒன்றுதான். ஆக, ஊரில் வாங்க வேண்டியது லேபிள் பார்த்து இரண்டு செட் பாலியஸ்டர் தெர்மல், ஒரு ஃபிளீஸ், காதை மூடும் குல்லாய், ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். ஜாக்கெட் இல்லாமல் விமானத்திலிருந்து எப்படி இறங்குவது என்று கேட்பீர்கள். சொந்தத்திலோ சீனியர் மாணவர்களிலோ யாரிடமாவது ஒரு பழைய ஜாக்கெட்டை விமான நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் இதை வருடா வருடம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், தயங்காமல் கேளுங்கள். யாரும் இல்லாவிட்டால் மட்டும் கோவையில் நாலைந்தாயிரத்துக்குள் ஒன்றை வாங்கிக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால், பெட்டி வழியில் தங்கிவிடும் நாளில் உங்களுக்கு ஒன்றும் இருக்காது.

விமான நிலையம் ஊருக்கு வெளியே 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதனால் வாகனத்தை முன்பே பேசி வைத்துவிடுங்கள். போனை உள் பாக்கெட்டில் உடம்போடு வையுங்கள், கடுங்குளிரில் பேட்டரி 40 விழுக்காடு காட்டும்போதே அணைந்துவிடும், குளிர்ந்த போனை உடனே சார்ஜில் போடவும் கூடாது. வகுப்பு தொடங்கும் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் வந்து சேரும்படி டிக்கெட் போடுங்கள், முதல் முழு நாளிலேயே பகல் வெளிச்சத்தில் பூட்ஸும் மிட்டன்ஸும் வாங்கிவிடுங்கள், மிச்ச நாட்களில் வீட்டிலிருந்து வகுப்பு வரை போகும் வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், அந்த மூன்று எண்களையும் எழுதினால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.